நிற்கும் தூரம்

கரும்பு ஆலையின் பின்பக்க மைதானத்தில் அன்று காலை எட்டு மணிக்கே அறுபது டிராக்டர்காரர்கள் கூடிவிட்டார்கள். மைதானம் என்றதும் புல்தரை என்று நினைத்துவிட வேண்டாம். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கிற தார்த் தரை அது. அரவை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் துடைத்துவிட்டது போலக் காலியாகக் கிடந்தது. அதன் குறுக்கே மண்டியிட்டபடி சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள் டேப்பம்மா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இடுப்பில் எந்நேரமும் அளக்கிற டேப்பைச் செருகிக்கொண்டு திரிவதால் டிராக்டர்காரர்கள் வைத்த பெயர் இது. டிரெய்லர் செய்கிற பட்டறை அவளுடையது. இயந்திரப் படிப்பு படித்தவள். வரைவதும் அளப்பதும் அவள் வேலை. அவள் வரைந்ததை இரும்பில் ஒட்டவைப்பது புருஷன் வேலை. அவனை ஊரே வெல்டர் என்றுதான் கூப்பிடும். "எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட டேப்பைக் கழட்டல. எங்கிட்ட வந்து நின்னதும் முதல்ல என் உயரத்தைத்தான் அளந்தா" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். அது பாதி பொய்.

கோட்டைப் போட்டு முடித்து நிமிர்ந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவளுடைய சொந்த அண்ணன். டிராக்டர்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தங்கையோடு பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"மச்சான்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல் வெல்டரைப் பார்த்து. "உங்க வீட்டம்மா கோலம் போட்டு முடிச்சிட்டாங்கன்னா ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க."

வெல்டர் திரும்பினான். "கேக்குறாரு."

"காது கேக்குது" என்றாள் டேப்பம்மா. "முதல்ல எடை போட்டுட்டு வரட்டும்னு சொல்லு."

"மச்சான், முதல்ல எடை—"

"எனக்கும் கேட்டுச்சு மச்சான்."

சண்டைக்குக் காரணம் போன அரவைக் காலத்தில் நடந்தது. பெரிய சாலையிலிருந்து ஆலைக்குள் இறங்குகிற இடம் நல்ல சரிவு. சரிவின் அடியில் எடைமேடை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. கரும்பு வண்டிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிற வேலையில் அந்த அறைக்குள் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பது அண்ணனுடைய மனைவி, டேப்பம்மாவின் அண்ணி. ஒருநாள் மதியம் கழுத்து முட்டக் கரும்பு ஏற்றிக்கொண்டு அண்ணன் அந்தச் சரிவில் இறங்கினார். பிரேக்கை மிதித்தார். டிராக்டர் நின்றிருக்கும், பின்னால் வந்த டிரெய்லர் நிற்கவிடவில்லை. முதுகில் கை வைத்து நெட்டித் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டே போய், சொந்தப் பெண்டாட்டி உட்கார்ந்திருந்த அறையின் சுவரில் கொண்டுபோய் முட்டியது. டயர் கிறீச்சிட்ட சத்தம் கேட்டதுமே அண்ணி பின்ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிட்டாள். கணுக்கால் பிசகியதோடு போயிற்று. சுவர்தான் சரிந்தது.

அண்ணன் அன்றைக்குச் சொன்னது: "தண்ணி லாரி தெளிச்சிட்டுப் போயிருந்துச்சு. ரோடு ஈரம். வழுக்கிடுச்சு." அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதேதான். முப்பது வருஷமாக ஓட்டுகிறவர். தன் கைக்கு ஒரு வண்டி அடங்கவில்லை என்பதை அவர் வாயால் எப்படிச் சொல்வார்?

டேப்பம்மா அந்த வாரமே அறையின் உடைந்த சுவரையும் தார்மேல் விழுந்திருந்த டயர்க் கோடுகளையும் அளந்துவிட்டு, நேராக ஆலை மேலாளரிடம் போய் நின்றாள். டிராக்டரின் பிரேக் டிராக்டருக்குத்தான் கணக்கு. அதைப்போல மூன்று மடங்கு கனமுள்ள டிரெய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் வேண்டும், இவ்வளவு வேகத்தில் வந்தால் இவ்வளவு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்று அளவு வேண்டும் என்றாள். அரவை முடிந்ததும், பிரேக் இல்லாத டிரெய்லரை இனி உள்ளே விடுவதில்லை என்று மேலாளர் ஒரு அறிவிப்பை எழுதத் தொடங்கினார். அது காதில் விழுந்ததும் சங்கம் கொதித்தது. அண்ணன் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார்: "தன் பட்டறைக்கு வேலை பிடிக்கத்தான் என் தங்கச்சி இந்தக் கூத்து அடிக்கிறா."

அந்த வார்த்தை முள் மாதிரி தைத்துக்கொண்டது. அன்றோடு பேச்சு நின்றது.

மேலாளர் நல்ல மனுஷன்; யார் பக்கமும் சாயத் தெரியாதவர். "பேசித் தீர்ற விஷயமா தெரியல. ஓட்டிக் காட்டுங்க. ஒரே டிராக்டர், ஒரே சுமை, ரெண்டு டிரெய்லர். ஒண்ணுல பிரேக் இல்ல, ஒண்ணுல இருக்கு. எது எங்க நிக்குதுன்னு எல்லாரும் கண்ணால பார்க்கட்டும்" என்று தேதி குறித்துவிட்டார். ஆலையின் டிராக்டர் ஒன்றில் காற்று பிரேக்குக்கான இணைப்புகள் இருந்தன. பிரேக் இல்லாத டிரெய்லர் அண்ணனுடையது. பிரேக் உள்ளது பட்டறையில் புதிதாகச் செய்தது. ஓட்டுவது நான்தான் என்று அண்ணன் அடம் பிடித்தார். "வேற எவனாவது ஓட்டுனா வேணும்னே மெதுவா மிதிப்பான்."

எடைமேடையில் அண்ணி இரண்டு டிரெய்லரையும் நிறுத்தி, மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கி, இரண்டும் ஒரே எடை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சீட்டைப் புருஷன் கையில் திணித்தபோது, "பார்த்து ஓட்டுங்க. இன்னைக்கு ரோடு காஞ்சிருக்கு" என்றாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொரு டிராக்டர்காரரும் ஒரு செங்கல்லை எடுத்து, வண்டி எங்கே நிற்கும் என்று தான் நினைக்கிற இடத்தில் கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இது டேப்பம்மாவின் யோசனை. சும்மா வேடிக்கை பார்க்கிறவன் மறந்துவிடுவான், செங்கல் வைத்தவன் மறக்கமாட்டான் என்பது அவள் எண்ணம். கொஞ்ச நேரத்தில் மைதானம் சந்தைக்கடை ஆகிவிட்டது. "எட்டு மீட்டர்!" "போய்யா, டிராக்டரா சைக்கிளா? பதிமூணு!" "என் செங்கல்லை ஏன்யா நகர்த்துற?" அண்ணன் தன் செங்கல்லைக் கொண்டுவந்து பத்து மீட்டரில் நச்சென்று வைத்தார். எல்லாவற்றுக்கும் கடைசியாக இருந்த செங்கல் பதினேழு மீட்டரில். அதை வைத்தவரைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள்.

டேப்பம்மா செங்கல் வைக்கவில்லை. கூட்டத்தைப் பக்கவாட்டில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையில் கொடியோடு நின்றாள்.

முதல் ஓட்டம் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு. மைதானத்தின் மறுகோடியில் டிராக்டர் உறுமியது. முப்பது கிலோமீட்டர் வேகம் வந்ததும் அதே வேகத்தில் பிடித்துக்கொண்டு வந்தார் அண்ணன். என்ன இருந்தாலும் கைகாரர்; வண்டி நூல் பிடித்தது போல வந்தது. முன்சக்கரம் கோட்டைத் தொட்டது. கொடி இறங்கியது. அவர் மிதித்தார்.

பின்சக்கரங்கள் இரண்டும் கிறீச்சென்று பூட்டிக்கொண்டன. தாரிலிருந்து புகை கிளம்பியது. ஆனால் வண்டி நிற்கவில்லை. சுற்றாத சக்கரத்தோடு டிராக்டர் வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. எட்டு மீட்டர் செங்கல் டயரில் பட்டுத் தெறித்தது. பத்து மீட்டர்ச் செங்கல் நொறுங்கியது. பதிமூன்று, பதினைந்து, பதினேழு, எல்லாம் போயின. செங்கல் தீர்ந்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. டிரெய்லரின் தள்ளலில் டிராக்டரின் பின்பக்கம் மெல்ல ஒருபக்கமாகத் திரும்பத் தொடங்கியது. "ஐயோ, மடங்குது, மடங்குது!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கை வெட்டிப் பிடித்தார். இன்னும் நாலைந்து மீட்டர் கோணலாக இழுத்துக்கொண்டு போய், ஒரு வழியாக நின்றது.

டேப்பம்மா டேப்பை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"இருபத்தேழு மீட்டர்!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அண்ணன் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்ததை டேப்பம்மா பார்த்தாள். அவள் பார்ப்பதைக் கவனித்ததும், "தரையில மணல் கிடக்கு" என்றார், பொதுவாக வானத்தைப் பார்த்து.

தரையைப் பெருக்கினார்கள். சங்கத்து ஆட்களே துடைப்பம் பிடித்துப் பெருக்கினார்கள், பின்னால் ஒரு பேச்சு வரக் கூடாது என்று. பட்டறையின் டிரெய்லரை மாட்டினார்கள். வெல்டர் காற்றுக் குழாய்கள் இரண்டையும் சொருகித் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினான். டேப்பம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை நாள்!

டிராக்டர் வந்தது. கொடி இறங்கியது. அண்ணன் மிதித்தார். பிரேக் பிடித்தது. ஆனால் அவள் நினைத்த மாதிரிப் பிடிக்கவில்லை. பத்து மீட்டர் தாண்டியது. பதினைந்து தாண்டியது. கோணவில்லை, மடங்கவில்லை, ஆனால் அசமந்தமாகப் போய், ஆடி அசைந்து நின்றது.

அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். "இருபத்தொண்ணு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எவ்வளவு? எவ்வளவு?"

"இருபத்தொரு மீட்டர்!" என்று பக்கத்தில் நின்றவர் கத்தினார். அவ்வளவுதான்; கொல்லென்று சிரிப்பு. "இந்த ஆறு மீட்டருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" "டேப்பம்மா, டேப்பு ரப்பரா, பார்த்துச் சொல்லுங்க!" ஒருவர் விசில் அடித்தார். மேலாளர் தன் குறிப்பேட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

டேப்பம்மா அப்படியே தரையில் மல்லாந்து டிரெய்லருக்கு அடியில் நுழைந்தாள். வெல்டரும் மறுபக்கத்திலிருந்து நுழைந்தான். எட்டு டன் மணலுக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும் தலைக்குத் தலை படுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"நீ சரியா செட் பண்ணல."

"நேத்து நாலு சக்கரத்தையும் நான்தான் பார்த்தேன். பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் மயிரிழை இடைவெளி. வேணும்னா கையை விட்டுப் பாரு."

கையை விட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. குழாயைத் தடவினாள், காற்று எங்கும் கசியவில்லை. காற்றுத் தொட்டியில் அழுத்தம் இருந்தது. வால்வு வரைக்கும் ஊர்ந்து போனாள். அங்கே அவள் கை நின்றுவிட்டது.

அந்த வால்வில் ஒரு சின்ன லிவர் உண்டு. காலி, பாதி, முழுச் சுமை என்று மூன்று இடம். வண்டி காலியாகப் போகும்போது முழு விசையில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் காலியில் வைத்தால் காற்றைக் குறைவாக விடும். சுமை ஏற்றியதும் முழுச் சுமைக்குத் திருப்ப வேண்டும். லிவர் காலியில் நின்றது.

முந்தின நாள் மதியம் பட்டறை வாசலில் காலி டிரெய்லரை ஓட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. லிவரைக் காலியில் வைத்தது அவள்தான். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

வெல்டரும் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்தி, "சத்தமில்லாம திருப்பிடு. குழாய் லூஸா இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். பழி எம்மேல இருக்கட்டும்" என்றான்.

அவன் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு அவன்மேல் ஆசையே வந்தது. ஆனால் தலையை ஆட்டினாள். வெளியே வந்து, முதுகெல்லாம் தார்ப்பொடியோடு கூட்டத்தின் முன்னால் நின்றாள்.

"வண்டி மேல தப்பு இல்ல. தப்பு எம்மேல" என்றாள். "சுமைக்குத் தகுந்தபடி திருப்புற லிவர் ஒண்ணு இருக்கு. நேத்து காலி வண்டி ஓட்டிட்டு அதைக் காலியிலேயே விட்டுட்டேன். இன்னைக்குத் திருப்ப மறந்துட்டேன்."

சிரிப்பு நின்றது. அண்ணன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"செஞ்ச நீயே மறந்துட்ட. நாளைக்கு அவசரத்துல லோடு ஏத்துற டிரைவர் மறக்க மாட்டானா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. சுருக்கென்று தைத்தது. "மறப்பான்" என்றாள். "நீங்க கேக்குறது சரி அண்ணா. சுமை ஏறுனதும் ஸ்பிரிங் பட்டை அமுங்குறத வெச்சு தானாவே மாறிக்கிற வால்வு இருக்கு. கையால திருப்புறது மலிவுன்னு இதைப் போட்டேன். இனிமே என் பட்டறையில இருந்து கைலிவரோட ஒரு டிரெய்லர் வெளிய போகாது. எல்லாரும் சாட்சி."

மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார். அண்ணன், "சரி, திருப்பு. அதையும் பார்த்துடலாம்" என்று டிராக்டரில் ஏறினார்.

மூன்றாவது ஓட்டம். இந்தத் தடவை கூட்டத்தில் யாரும் விசில் அடிக்கவில்லை. சங்கத்தின் பொருளாளர் வந்து லிவரைத் தன் கையால் திருப்பி முழுச் சுமையில் வைத்தார். டிராக்டர் சீறிக்கொண்டு வந்தது. கோடு. கொடி. மிதி.

புஸ்ஸென்று காற்று பாய்ந்த சத்தம். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைக் கவ்வின. வண்டி முழுவதும் தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது போல அழுந்தியது. அண்ணனின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. நின்றுவிட்டது. நேராக, ஒரு விரற்கடைகூட விலகாமல்.

"என்னடா இது!" என்று ஒரு கிழவர் வாய்விட்டுக் கத்தினார்.

"பதினொண்ணு!" டேப்பம்மா குதித்தாள். "பதினோரு மீட்டர்! பதினொண்ணு!"

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவராத குறையாக எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள். ஒருவர் டேப்பின் முனையைப் பிடித்துத் தானே அளந்தார். இன்னொருவர் காலடி வைத்து எண்ணினார். அண்ணன் குதித்து இறங்கி, டயரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கண் இரண்டும் பளபளத்தன.

"இன்னொரு தடவை!" என்றார்.

இன்னொரு தடவை ஓட்டினார். பதினொன்று. மறுபடி. பத்தே முக்கால். நாலாவது தடவை, "ஒரு கையால பிடிச்சு ஓட்டுறேன், பாரு" என்று ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். ராட்டினத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்கிற பிள்ளையைப் போல இருந்தார். கடைசியில் மேலாளரே, "டீசல் எங்களது ஐயா" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. இருக்கைமேல் ஏறி நின்றார். சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தால் அப்படித்தான் நிற்பார்.

"போன அரவையில ரோடு ஈரமா இல்ல" என்றார். "காஞ்சுதான் கிடந்துச்சு. நான் முழு மூச்சா மிதிச்சேன். டிரெய்லர் தள்ளுச்சு. காலையில முதல் ஓட்டத்துல அதே தள்ளு. அதேதான். அந்த ஜன்னல் வழியா என் வீட்டுக்காரி தெரிஞ்சா. தலை குனிஞ்சு சீட்டு எழுதிக்கிட்டு இருந்தா. நான் கத்துறேன், சத்தம் வரல…" நிறுத்தினார். "வேலை பிடிக்கத்தான் கூத்துன்னு என் தங்கச்சியைச் சொன்னேன். அது தப்பு."

அண்ணி எடைமேடையிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியாது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஈரம் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தண்ணி லாரிக்குச் சீட்டுப் போடுறதே நான்தான். அது அன்னைக்கு வரவே இல்ல."

மைதானமே வெடித்துச் சிரித்தது. அண்ணனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். டேப்பம்மா மட்டும் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெல்டர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தான்.

"சிரிச்சது போதும்" என்றாள் அண்ணி, முன்னால் வந்து. "எனக்கு ஒரு சந்தேகம். பிரேக் டிராக்டர்ல மிதிச்சாதானே டிரெய்லர்ல பிடிக்கும்? திரும்பிப் போறப்ப சக்கை லோடோட மேடு ஏறும்போது கொக்கி கழண்டு போச்சுன்னா? டிராக்டர் மேல போயிடும், டிரெய்லர் கீழ வரும். கீழ நான் இருக்கேன்."

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் டேப்பம்மா காத்திருந்தாள். "அதுக்கும் வழி இருக்கு அண்ணி. ரெண்டு குழாய்ல ஒண்ணு சிவப்பு. அது அறுந்து காத்து போச்சுன்னா, டிரெய்லர்ல இருக்குற தொட்டிக் காத்து தானாவே பிரேக்கைப் பிடிச்சிடும். யாரும் மிதிக்க வேண்டாம்."

"சொல்றது சரி. காட்டு."

மேலாளர் இரண்டு கையையும் விரித்தார். முடியாது என்றார். பிறகு கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டார். எடைமேடை அறையில் ஈ எறும்பு இருக்கக் கூடாது. சரிவின் அடியில் மணல் மூட்டைகளை இடுப்பு உயரத்துக்கு மூன்று வரிசை அடுக்க வேண்டும். ஆட்கள் எல்லாரும் பக்கத்துக் கரைமேல் ஏறி நிற்க வேண்டும். அண்ணி, "என் அறையில நான் உட்காருவேன், அப்பதான் நம்புவேன்" என்று நின்றாள். "நீ உட்கார்ந்தா நான் ஓட்டமாட்டேன்" என்றார் அண்ணன். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டு அவள் மறுபேச்சுப் பேசாமல் கரையேறினாள்.

கொக்கியைக் கழற்ற வெல்டர் ஒரு வழி சொன்னான். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கிற கனத்த பின்னுக்குப் பதிலாக விரல் பருமன் உள்ள போல்ட்டை மாட்டி, அதையும் ரம்பத்தால் பாதி அறுத்துவிடுவது. மேடு ஏறும்போது இழுவை தாங்காமல் அது தானாக முறியும். எந்த நொடியில் முறியும் என்று யாருக்கும் தெரியாது.

டிராக்டர் சரிவின் அடியிலிருந்து ஏறத் தொடங்கியது. கரைமேல் அறுபது பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கால்வாசி ஏறியது. பாதி ஏறியது. "இப்ப… இப்ப…" முக்கால்வாசி. டேப்பம்மா நகத்தைக் கடித்துத் துப்பினாள். டிராக்டர் சாவகாசமாக உச்சிக்கு ஏறிப் பெரிய சாலையில் போய் நின்றுவிட்டது. அண்ணன் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார்.

"நீ அறுத்த லட்சணம்!" என்றாள் டேப்பம்மா.

"நல்ல இரும்பு. நான் என்ன பண்ணட்டும்?" என்றான் வெல்டர், கொஞ்சம் பெருமையோடு.

உச்சியிலேயே நல்ல பின்னை மாட்டி, பத்திரமாகச் சுற்றிக்கொண்டு கீழே வந்தார்கள். வெல்டர் புது போல்ட்டை முக்கால்வாசி அறுத்தான். மறுபடி ஏற்றம். சரிவின் நடுப்பகுதிக்கு வந்திருக்கும். டங்கென்று ஒரு சத்தம்.

டிராக்டர் துள்ளி முன்னால் பாய்ந்தது. டிரெய்லரின் இழுகம்பி தரையில் விழுந்து பொறி பறந்தது. எட்டு டன் மணலோடு டிரெய்லர் ஒரு கணம் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. கரைமேல் ஒரு பெண் கத்தினாள். அது அண்ணி என்று டேப்பம்மாவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சிவப்புக் குழாய் நீண்டு, விறைத்து, பட்டென்று அறுந்தது. புஸ்! சக்கரங்கள் நின்றன. டிரெய்லர் ஒரு குலுக்குக் குலுங்கி, சரிவின் நடுவே ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. அறுந்த குழாய் மட்டும் பாம்பாய் ஆடிக்கொண்டிருந்தது.

கரையிலிருந்து எழுந்த கூச்சலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. தொப்பிகள் பறந்தன, துண்டுகள் பறந்தன. டேப்பம்மா அதை எல்லாம் பார்க்கவில்லை. தொட்டிக் காற்று கசிந்துவிடும் முன்னால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். கட்டைகளைத் திணித்துவிட்டுத்தான் டேப்பை எடுத்தாள்.

"எண்பத்திரண்டு சென்டிமீட்டர்!" என்று மூச்சிரைக்கக் கத்தினாள். "ஒரு மீட்டர்கூட இல்ல!"

அண்ணன் மேலேயிருந்து ஓடிவந்து அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது அப்படித்தான் ஆட்டுவார். "எண்பத்திரண்டு! கேட்டீங்களாய்யா? எண்பத்திரண்டு!" என்று ஏதோ அவரே அந்த டிரெய்லரைச் செய்தது போலக் கரையைப் பார்த்துக் கத்தினார்.

மேலாளரின் அறிவிப்பு மறுநாளே வாசலில் ஒட்டப்பட்டது. சங்கத்தின் சார்பில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. இரண்டு மாதம் பட்டறையில் மூச்சு விட நேரமில்லை. வேலை கையை மீறியதால் பக்கத்து மூன்று பட்டறைகளுக்கும் டேப்பம்மா தன் வரைபடங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அண்ணனுடைய டிரெய்லருக்குப் பிரேக் மாட்டிய அன்று அவர் பகல் முழுவதும் பக்கத்தில் நின்று, வெல்டரை வேலை செய்ய விடாமல் ஆயிரம் கேள்வி கேட்டார்.

"மச்சான், நீங்க தள்ளி நின்னா சீக்கிரம் முடியும்" என்றான் வெல்டர்.

"என் வண்டி மச்சான். நான் பார்க்க வேண்டாமா?"

அரவை தொடங்கிய வாரத்தில் ஒரு மதியம் டேப்பம்மாவுக்குப் போன் வந்தது. அண்ணன்தான். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"நான் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆலையில இருக்கேன். இங்க ஒரு டிரெய்லருக்கும் பிரேக் இல்ல. காட்டுறேன்னு சொல்லிட்டேன். எண்பது பேர் செங்கல்லோட நிக்கிறாங்க."

"எப்பண்ணா?"

"இப்பவே! கிளம்பு, கிளம்பு. மச்சானையும் கூட்டிட்டு வா. வர்றதுக்குள்ள நான் கோடு போட்டு வைக்கிறேன்."

அவள் செருப்பைத் தேடிக்கொண்டே வெல்டரைக் கூப்பிட்டாள்.